பழைய சாலிட்டேருக்குப் புதிய சீட்டு முகங்கள்: பெரிதாக்குவதா, வரைவதா?

பிக்சல்பித்தன்

விண்டோஸ் எக்ஸ்பி காலத்துச் சாலிட்டேரையும் ஃப்ரீசெல்லையும் இன்றும் விடாமல் ஆடிக்கொண்டிருக்கிறேன். ஆட்டத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை; சீட்டுகள்தான் கண்ணுக்கு எட்டுவதில்லை. ஒவ்வொரு சீட்டும் 71 புள்ளி அகலமும் 96 புள்ளி உயரமும் கொண்டது. 640×480 திரையில் ஏழு அடுக்குகளை 497 புள்ளிகளில் நிறுத்தி, மிச்சமுள்ள 143 புள்ளிகளை இடைவெளிகளுக்குப் பங்கிட்டால் அந்த அளவு கச்சிதமாகப் பொருந்தியது. 3840 புள்ளி அகலமுள்ள திரையில் அதே சீட்டு அஞ்சல்தலை போல ஒடுங்கிவிடுகிறது.

1990இல் விண்டோஸ் 3.0 உடன் வந்த அந்த ஆட்டத்தை எழுதியவர் வெஸ் செர்ரி. அப்போது அவர் மைக்ரோசாஃப்டில் பயிற்சிப் பணியாளர். சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர். மெக்கின்டாஷின் முதல் ஐகான்களை வரைந்தவரும் அவரே. படங்கள் ஆட்டக் கோப்பில் இல்லாமல் ‘கார்ட்ஸ்’ என்ற தனி டிஎல்எல்லில் (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்பில்) இருப்பதால், அதை மாற்றினால் அதைப் பயன்படுத்தும் எல்லா ஆட்டங்களிலும் சீட்டு மாறும் என்று புரிந்துகொண்டு வேலையில் இறங்கினேன்.

52 படங்களையும் வெளியே எடுத்து, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படம் பெரிதாக்கும் மென்பொருள் ஒன்றில் இரு மடங்காக்கினேன். எண் சீட்டுகள் பார்க்கும்படியாக வந்தன. படச் சீட்டுகளைப் பார்த்துத்தான் திகைத்துப்போனேன். ஆர்ட்டின் ஜாக்கி பக்கவாட்டில் பார்க்கும் ஆள். அவருக்கு ஒரு கண்தான் தெரிய வேண்டும். மென்பொருள் அவருடைய காதோரச் சுருள்முடியைக் கண் என்று எடுத்துக்கொண்டு இமை வரைந்து வைத்திருக்கிறது. மேல் பாதியில் இமை இருக்கிறது, தலைகீழாக உள்ள கீழ்ப் பாதியில் இல்லை.

இந்த வழியிலேயே வேறு மென்பொருளை முயல்வதா, எல்லாவற்றையும் கையால் வரைவதா என்று குழம்பி நிற்கிறேன். இந்த டிஎல்எல்லில் முன்பே கைவைத்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

மூலப்பொறி

படத்தைப் பற்றி ஓவியம் அறிந்தவர்கள் சொல்லட்டும். டிஎல்எல்லின் உள் அமைப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அதை அறியாமல் தூரிகையை எடுத்தால் பாதி வேலை வீணாகும்.

முதலில், கணினியின் அமைப்புக் கோப்புறையில் உள்ள மூலக் கோப்பின்மேல் கை வைக்காதீர்கள். விண்டோஸ் 2000, எக்ஸ்பி இரண்டிலும் கோப்புப் பாதுகாப்பு என்றொரு காவலாளி இருக்கிறது. நீங்கள் மாற்றி வைத்த சில நொடிகளில் அது தன் சேமிப்பிலிருந்து பழைய கோப்பை எடுத்து மறுபடி வைத்துவிடும். ஒரு காலத்தில் இந்தக் காவலாளியை ஏமாற்றுவதற்கென்றே பக்கம் பக்கமாக வழிமுறைகள் எழுதினார்கள். அவை எதுவும் தேவையே இல்லை. ஆட்டக் கோப்பையும் டிஎல்எல்லையும் ஒரு தனிக் கோப்புறையில் நகலெடுத்து, அங்கிருந்து ஆட்டத்தை இயக்குங்கள். இந்த டிஎல்எல்லைத் தேடும்போது விண்டோஸ் முதலில் பார்ப்பது ஆட்டம் இருக்கும் கோப்புறையைத்தான். அங்கே உங்கள் கோப்பு கிடைத்துவிட்டால் அமைப்புக் கோப்புறைப் பக்கம் அது போகவே போகாது.

அடுத்தது எண் வரிசை. உள்ளிருக்கும் பிட்மேப்களில், அதாவது புள்ளிப்படங்களில், 1 முதல் 13 வரை கிளாவர், 14 முதல் 26 வரை டைமண்ட், 27 முதல் 39 வரை ஆர்ட்டின், 40 முதல் 52 வரை இஸ்பேடு. ஒவ்வொரு வகையும் ஏஸில் தொடங்கி ராஜாவில் முடியும். 53 என்பது சீட்டில்லாத இடத்தைக் காட்டும் கோடுபோட்ட படம். 54 முதல் 65 வரை பன்னிரண்டு பின்புறங்கள். கட்டு தீர்ந்தபின் மறுபடி புரட்டலாமா கூடாதா என்று காட்டும் குறுக்குக்குறியும் வட்டமும் 67, 68 என்ற எண்களில் உள்ளன. பெரும்பாலோர் 52 சீட்டுகளைப் பெரிதாக்கிவிட்டு இந்த மூன்றையும் மறந்துவிடுகிறார்கள். எல்லாம் ஒரே அளவில் இல்லாவிட்டால் வெற்றிடம் ஓர் அளவிலும் அதன்மேல் வரும் சீட்டு வேறோர் அளவிலும் நின்று, முழு மேசையும் பல்லிளிக்கும்.

பின்புறங்களில் ஒரு கண்ணி இருக்கிறது. ரோபோ, வௌவால்கள் பறக்கும் கோட்டை, பனைமரத் தீவு, சட்டைக் கைக்குள் சீட்டை மறைத்த கை ஆகிய நான்கும் அசையும் படங்கள். அசைவைப் படம் செய்வதில்லை. ‘சிடிடி அனிமேட்’ என்ற செயற்கூறு சின்னஞ்சிறு படங்களைக் குறிப்பிட்ட இடத்தில் மேலே ஒட்டிச் செய்கிறது. நீங்கள் கோட்டையை நீக்கிவிட்டு ஒரு பூந்தொட்டியை வைத்தாலும் வௌவால் தன் வழக்கமான இடத்தில், தன் பின்னணி வானத்தையும் ஒரு துண்டாகத் தூக்கிக்கொண்டு, பூவின்மேல் வந்து சிறகடிக்கும். ஆகவே புதிய பின்புறங்களை மற்ற எட்டு இடங்களில் வையுங்கள்.

படங்களை மாற்ற ரிசோர்ஸ் ஹேக்கர் போதும். ஆனால் அது 16 பிட் கோப்புகளைத் திறக்காது. விண்டோஸ் 3.1இன் 16 பிட் டிஎல்எல்லைத் திறக்கப் போர்லேண்டின் ரிசோர்ஸ் ஒர்க்‌ஷாப் போன்ற அந்தக் காலத்துக் கருவிதான் உதவும்.

கோட்டுக்கோலம்

பிக்சல்பித்தன் அவர்களே, உங்கள் ஆர்ட்டின் ஜாக்கிக்கு நேர்ந்தது விபத்தன்று. 71×96 படத்தில் ஒரு கண் என்பது இரண்டு அல்லது மூன்று புள்ளிகள்தான். அதைக் கண்ணாக மாற்றுவது பார்ப்பவரின் மூளை. பெரிதாக்கும் மென்பொருளுக்கு அந்த மூன்று புள்ளிகளும் சுருள்முடியின் மூன்று புள்ளிகளும் ஒன்றுதான். தான் முன்பு பார்த்த ஆயிரக்கணக்கான முகங்களைக் கொண்டு அது ஊகிக்கிறது. முகத்தில் இரண்டு கண்கள் இருக்கும் என்பது பொதுவாக நல்ல ஊகமே. சீட்டுக்கட்டில் மட்டும் இஸ்பேடு ஜாக்கி, ஆர்ட்டின் ஜாக்கி, டைமண்ட் ராஜா ஆகிய மூவரும் ஒற்றைக் கண்ணர்கள். ஆர்ட்டின் ராஜாவுக்கு மீசை கிடையாது. அவர் வாளைத் தலைக்குப் பின்னால் பிடித்திருப்பார். ஆட்டக்காரர் இவற்றையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லமாட்டார். ஆனால் மாறிப்போனால் ஏதோ தவறென்று உடனே உணர்வார்.

ஸ்கேல்2எக்ஸ், எச்கியூஎக்ஸ் போன்ற பழைய வழிமுறைகள் கண்ணைக் கற்பனை செய்யாது. அண்டைப் புள்ளிகளை ஒப்பிட்டுச் சாய்கோடுகளை வழவழப்பாக்கும், அவ்வளவே. ஆர்ட்டின் குறியின் வளைவு அவற்றில் நன்றாகவே வரும். ஆனால் படச் சீட்டுகளின் உடையில் ஒன்றுவிட்டு ஒரு புள்ளியாக நிழல் தீட்டியிருக்கும் இடங்களில் அவை துணியைப் புழு நெளிவது போல ஆக்கிவிடும். 16 வண்ணங்களை வைத்துக்கொண்டு மேலும் சில வண்ணங்கள் இருப்பதுபோலக் காட்டும் உத்தி அது. பெரிதாக்கும்போது உத்தி வெளியே தெரிந்துவிடுகிறது.

நான் சொல்வது கையால் வரையுங்கள் என்பதே. அது நீங்கள் அஞ்சும் அளவுக்குப் பெரிய வேலையும் அன்று. நாற்பது எண் சீட்டுகளுக்கு நான்கு குறிகளும் பத்து மூலை எழுத்துகளும் வரைந்துவிட்டால், மற்றது நகலெடுத்து அடுக்குவது. பன்னிரண்டு படச் சீட்டுகள்தான் உண்மையான உழைப்பு. அவற்றிலும் பாதியை மட்டும் வரைந்து 180 பாகை திருப்பி ஒட்டினால் மறுபாதி கிடைக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை: 96 இரட்டைப்படை, 71 ஒற்றைப்படை. மூல அளவில் வரைபவர்களுக்கு 36ஆவது நெடுவரிசை நடு வரிசையாக நின்று தன்மேல் தானே திரும்பும்; அதைக் கவனிக்காமல் மையத்தை 35க்கும் 36க்கும் நடுவில் வைத்தால், இடுப்புப் பட்டை ஒரு புள்ளி விலகி உடைந்துபோகும். இரு மடங்கான 142×192இல் இந்தச் சிக்கல் இல்லை.

அகல உயர விகிதத்தையும் பாருங்கள். கையில் பிடிக்கும் போக்கர் சீட்டு இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். விகிதம் ஏறக்குறைய 0.71. விண்டோஸ் சீட்டின் விகிதமோ 0.74. இணையத்தில் கிடைக்கும் வெக்டர் சீட்டுப் படத்தை 192 உயரத்துக்குச் சுருக்கினால் அகலம் 137 புள்ளிதான் வரும். மீதி ஐந்து புள்ளிக்காகப் படத்தை இழுக்காதீர்கள். இழுத்தால் வட்டமான கிளாவர் இலை சப்பையாகிவிடும். இரு பக்கமும் வெள்ளை ஓரமாக விட்டுவிடுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. சாலிட்டேரில் ஒரு சீட்டு முழுதாகத் தெரிவது சிறிது நேரம்தான். மற்ற நேரமெல்லாம் அதன்மேல் இன்னொரு சீட்டு உட்கார்ந்திருக்கும், மேல் விளிம்பில் ஒரு கீற்று மட்டும் வெளியே நீட்டியிருக்கும். ஆட்டக்காரர் படிப்பது அந்தக் கீற்றை. சூசன் கேரின் சீட்டுகளில் மூலை எழுத்தும் குறியும் அந்தக் கீற்றுக்குள் தப்பாமல் அடங்குவதால்தான் நூறு முறை ஆடினாலும் கண் சலிப்பதில்லை. ரசிகர்கள் செய்த கட்டுகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் இங்கேதான் தோற்றன: ராணியின் அணிகலன் ஒவ்வொன்றும் மின்னும், ஆனால் மூலையில் ராணியா ராஜாவா என்று தெரிய நெற்றியைச் சுருக்க வேண்டியிருக்கும். நீங்கள் மூலையிலிருந்து தொடங்குங்கள். ஜாக்கி கடைசியில் வரட்டும்.

சும்மாபார்ப்பவன்

எளிய வழி ஒன்று இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் விண்டோஸ் 3.1ஐ நிறுவி, முழுத் திரையையும் முழு எண் மடங்கில் பெரிதாக்கிக்கொண்டால், வரைந்தவர் வைத்த ஒவ்வொரு புள்ளியும் வைத்த இடத்திலேயே நிற்கும். ஒரு கண் ஒரு கண்ணாகவே இருக்கும்.

மூலப்பொறி

அந்த வழி தூய்மையானது. நானும் சில நாள் அப்படித்தான் ஆடுகிறேன். ஆனால் 1080 புள்ளி உயரமுள்ள திரையில் 640×480ஐ இரு மடங்குக்கு மேல் விரிக்க இடமில்லை. மேலும் இழையைத் தொடங்கியவர் கேட்டது வேறு சீட்டு. பெரிய பழைய சீட்டு அன்று.

இருவண்ணன்

எனக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறைபாடு உண்டு. வெண்மையான பின்னணியில் கருஞ்சிவப்பு எனக்குக் கறுப்பாகத்தான் படும். வகைக்கொரு வண்ணம் என்று நான்கு வண்ணங்களில் ஒரு கட்டு செய்ய முடியுமா? சில இணையச் சூதாட்ட மேசைகளில் டைமண்ட் நீலமாகவும் கிளாவர் பச்சையாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கோட்டுக்கோலம்

செய்ய முடியும், ஆனால் இந்த ஆட்டங்களுக்கு அது ஒத்துவராது. போக்கரில் ஒரே வகைச் சீட்டுகள் ஐந்து சேர்ந்தனவா என்பதே கேள்வி. ஆகவே நான்கு வண்ணங்கள் அங்கே உதவும். சாலிட்டேரிலும் ஃப்ரீசெல்லிலும் சிவப்பின்மேல் கறுப்பு, கறுப்பின்மேல் சிவப்பு என்றுதான் அடுக்க வேண்டும். டைமண்டை நீலமாக்கிவிட்டால் நீலமும் சிவப்பும் ஒரு கட்சி, பச்சையும் கறுப்பும் மறு கட்சி என்று ஒவ்வொரு நகர்த்தலிலும் மனம் கணக்குப் போட வேண்டும்.

உங்களுக்கு வண்ணத்தைவிட வெளிச்ச வேறுபாடுதான் கைகொடுக்கும். ஆர்ட்டினையும் டைமண்டையும் ஒளி மிகுந்த ஆரஞ்சுச் சிவப்பில் தீட்டி, கிளாவரையும் இஸ்பேடையும் முழுக் கறுப்பில் வைக்கலாம். அதோடு சிவப்புச் சீட்டுகளின் மூலை எழுத்தை உள்ளே வெற்றாக, வெளிக்கோடாக மட்டும் வரைந்தால், வண்ணமே தெரியாவிட்டாலும் கீற்றைப் பார்த்துக் கட்சியைச் சொல்லிவிடலாம். பிக்சல்பித்தன் தன் கட்டை முடித்தபின் இதை ஒரு மாற்று வடிவமாகச் செய்யலாம். நாற்பது எண் சீட்டுகளில் இருபதையும் படச் சீட்டுகளின் மூலைகளையும் மட்டும் மாற்றினால் போதும்.

பிக்சல்பித்தன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மூலையிலிருந்து தொடங்கச் சொன்னது எவ்வளவு சரி என்று இப்போது புரிகிறது. நான் ஆசையாகத் தேர்ந்த மெல்லிய எழுத்துரு, அடுக்கி வைத்தபோது 6க்கும் 8க்கும் வேறுபாடு காட்டவில்லை. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, 6இன் வயிற்றை வேண்டுமென்றே பெரிதாக்கி எழுத்துகளை நானே வரைந்தேன். 10 மட்டும் தனியாக என் உயிரை வாங்கியது. இரண்டு இலக்கங்களையும் ஓர் எழுத்தின் அகலத்துக்குள் நுழைக்க, 1ஐ ஒரே குச்சியாக்கி 0ஐ ஒடுக்கினேன்.

படச் சீட்டுகளில் ஏழு முடிந்துவிட்டன. இப்போது இரண்டு புதிய தொல்லைகள்.

ஒன்று: சீட்டின் மூலைகளை அழகாக, நல்ல வளைவோடு உருட்டி வரைந்தேன். ஆட்டத்தில் போட்டால் ஒவ்வொரு மூலையிலும் பச்சை மேசைமேல் வெள்ளைத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. படத்தில் அந்த இடத்தை ஒளிபுகும்படி விட்டுப் பார்த்தேன். அப்போது கறுப்பாக வருகிறது.

இரண்டு: ஃப்ரீசெல்லில் ஒரு சீட்டைத் தேர்ந்தால் அது பழைய புகைப்படச் சுருளின் எதிர்ப்படம் போல மாறிவிடுகிறது. மூலச் சீட்டிலும் அப்படித்தான் மாறும் என்பது தெரியும்; ஆனால் நான் தோல் நிறத்துக்கு மென்மையான பழுப்புகளைப் பயன்படுத்தியிருப்பதால், என் இஸ்பேடு ராணி தேர்ந்தவுடன் நீலம் பாரித்த பேய் போல முறைக்கிறார். இதற்காகவே அவரை நகர்த்தத் தயங்குகிறேன்.

மூலப்பொறி

இரண்டும் டிஎல்எல் செய்யும் வேலைகள், படத்தில் பிழையில்லை. சீட்டை வரைவதற்கு முன் அது ஒவ்வொரு மூலையிலும் மூன்று புள்ளிகளை, ஆக மொத்தம் 12 புள்ளிகளை, மேசையிலிருந்து எடுத்து நினைவில் வைத்துக்கொள்கிறது. செவ்வகமாகச் சீட்டை வரைந்தபின் அந்தப் புள்ளிகளைத் திரும்ப வைக்கிறது. உருண்ட மூலை என்று நாம் இத்தனை ஆண்டுகள் பார்த்தது அந்த மூன்று புள்ளிகளின் மாயம்தான். 71 புள்ளி அகலச் சீட்டில் மூன்று புள்ளி தாராளம், 142இல் போதாது. ஒளிபுகும் தன்மை என்பதையே அந்த வரையும் முறை அறியாது, ஆகவே கறுப்பாக வந்தது. மூலையை மூல வடிவம்போலக் கூர்மையாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மூலைப் புள்ளிகளுக்கு மேசைப் பச்சையையே தீட்டிவிடுங்கள். இரண்டாவது தந்திரம் வெற்று மேசையில் பலிக்கும். சீட்டின்மேல் சீட்டு ஏறும்போது பச்சைப் பொட்டு தெரியும்.

தேர்ந்த சீட்டுக்கு டிஎல்எல் எல்லாப் புள்ளிகளின் நிறத்தையும் நேரெதிராகத் திருப்புகிறது. வெள்ளை கறுப்பாகும், சிவப்பு இளநீலமாகும். 16 வண்ணச் சீட்டுக்கு அது கண்ணியமாகவே பொருந்தியது. நுட்பமான நிழல்கள் உள்ள ஓவியத்தைத் திருப்பினால் பேய்தான் வரும். படத்தை வரையும்போதே ஒரு பிரதியைத் திருப்பிப் பார்த்து, இரண்டு வடிவிலும் சகித்துக்கொள்ளக்கூடிய நிறங்களைத் தேர்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நடுத்தரச் சாம்பலுக்கு அருகிலுள்ள நிறங்கள் அதிகம் மாறா. ஆனால் படம் மங்கும்.

இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன், பிறகு ஏமாறாதீர்கள்: ஃப்ரீசெல்லில் மேலே நடுவில் நின்று, சுட்டி போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பும் ராஜா, கார்ட்ஸ் டிஎல்எல்லில் இல்லை. அவர் ஆட்டக் கோப்புக்குள்ளேயே குடியிருக்கிறார். அவரையும் மாற்றாவிட்டால் புதிய அரசவையில் பழைய ராஜா ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார்.

தொகுப்பான்

வேறு வழி இருக்கிறது. பழைய டிஎல்எல்லின் குணங்களோடு மல்லுக்கட்டுவதைவிட, அதே பெயரில் புதிதாக ஒன்றை எழுதிவிடலாம். ஆட்டம் இந்த டிஎல்எல்லிடம் எதிர்பார்ப்பது ஐந்தே செயற்கூறுகள்: தொடங்க ‘சிடிடி இனிட்’, வரைய ‘சிடிடி டிரா’, விரும்பிய அளவில் வரைய ‘சிடிடி டிரா எக்ஸ்ட்’, அசைக்க ‘சிடிடி அனிமேட்’, முடிக்க ‘சிடிடி டெர்ம்’. இந்த ஐந்தையும் அதே பெயரில், அதே அளவுருக்களோடு கொடுத்துவிட்டால், உள்ளே என்ன நடக்கிறது என்று ஆட்டம் கேட்கப்போவதில்லை. விண்டோஸ் நிரல்களை இயக்கும் திறந்த நிரல் இயங்குதளமான ரியாக்ட்ஓஎஸ் தன் சொந்தக் கார்ட்ஸ் டிஎல்எல்லை இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது. அதன் மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது.

நான் இப்படி ஒன்று எழுதினேன். படங்களைக் கோப்புறையிலிருந்து பிஎன்ஜியாகவே படிக்கிறது; ஒளிபுகும் தன்மையை மதிக்கிறது; ஆகவே மூலை எவ்வளவு வளைந்தாலும் கவலையில்லை. தேர்ந்த சீட்டை எதிர்ப்படமாக்காமல் மஞ்சள் சாயல் பூசுகிறது. உங்கள் ராணி பேயாக மாட்டார்.

எழுத விரும்புபவர்களுக்கு இரண்டு குறிப்புகள். ஆட்டம் சீட்டைக் கேட்கும் வரிசை, பிட்மேப்களின் வரிசை அன்று. ஆட்டத்துக்கு 0 கிளாவர் ஏஸ், 1 டைமண்ட் ஏஸ், 2 ஆர்ட்டின் ஏஸ், 3 இஸ்பேடு ஏஸ். 4இல்தான் கிளாவர் இரண்டு வரும். ஆகவே எண்ணை நான்கால் வகுத்து, மீதியை வகையாகவும் ஈவை மதிப்பாகவும் கொள்ள வேண்டும். 50 என்று கேட்டால் ஈவு 12, மீதி 2. அதாவது ஆர்ட்டின் ராஜா, பிட்மேப் எண் 39. நான் முதலில் இதை அறியாமல் நேராகப் பொருத்திவிட்டேன். ஆட்டம் ஓடியது, சீட்டுகளும் அழகாக வந்தன, கறுப்பு ஏழின்மேல் கறுப்பு ஜாக்கியை ஏற்கவும் செய்தது. ஒரு மணி நேரம் ஆட்டத்தின் விதியில் பிழை தேடினேன். அடுத்தது, சாலிட்டேர் 32 பிட் நிரல். பழக்கத்தில் 64 பிட்டாகத் தொகுத்தால் அது உங்கள் டிஎல்எல்லைத் திரும்பியும் பார்க்காது.

அளவைப் பற்றியும் ஒரு சொல். சீட்டின் அகல உயரத்தை ஆட்டத்துக்குச் சொல்வதே ‘சிடிடி இனிட்’டின் வேலை. அதைக் கேட்டு நடக்கும் ஆட்டங்களில் 142×192 தானாகவே சரியாக அமையும். இந்த டிஎல்எல்லைப் பயன்படுத்திப் பலர் அந்நாளில் எழுதிய சிறு ஆட்டங்களில் 71, 96 என்ற எண்களையே நிரலுக்குள் எழுதிவைத்தவையும் உண்டு. அவற்றில் பெரிய சீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடக்கும்.

மூலப்பொறி

தொகுப்பானின் வேலையை மெச்சுகிறேன். ஆனாலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மூலை, தேர்வு நிறம், அளவு எல்லாவற்றையும் புதிதாக எழுதியபின் அது பழைய ஆட்டத்துக்குப் போட்ட புதுச் சட்டையா, புது ஆட்டமா? கட்டுப்பாடே வேண்டாமென்றால் பைசால்எஃப்சி என்ற ஆட்டத் தொகுப்பு இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாலிட்டேர் வகைகளோடும், விரும்பிய கட்டைப் போட்டுக்கொள்ளும் வசதியோடும் வருகிறது. 16 வண்ணத்தில் ஒரு சீட்டு 3,456 பைட்டுக்குள் அடங்கிய காலத்தின் இறுக்கத்துக்குள் நின்று வரைவதில்தான் இந்த மாற்றுக்கட்டுகளின் சுவை இருப்பதாக நான் நினைக்கிறேன்.

தொகுப்பான்

சுவை இருக்கலாம், பகிர்வதில் உள்ள சிக்கலை யோசித்தீர்களா? மாற்றிய மைக்ரோசாஃப்ட் டிஎல்எல்லை அப்படியே பொதுவில் வைப்பது அவர்களுடைய நிரலை நாம் விநியோகிப்பது. உள்ளே 52 படங்கள் உங்களுடையவை என்பதால் மற்ற நிரல் உங்களுடையதாகிவிடாது. படங்களை மட்டும் கொடுத்து, அவரவர் கோப்பில் அவரவரே ஏற்றிக்கொள்ளச் சொல்லலாம். அல்லது வேறுபாட்டை மட்டும் தாங்கும் ஒட்டுக் கோப்பாகக் கொடுக்கலாம். ஒட்டுக் கோப்பில் இன்னொரு இடர்: விண்டோஸின் சேவைத் தொகுப்பு (சர்வீஸ் பேக்) வாரியாக டிஎல்எல்லின் பதிப்பு மாறினால் ஒட்டு ஏறாது. சொந்தமாக எழுதிய டிஎல்எல்லுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

படங்களிலும் இதே கவனம் வேண்டும். சூசன் கேரின் சீட்டை இரு மடங்காக்கினால் அது உங்கள் ஓவியமாகாது. அடித்தளமாக ஏதாவது தேவையென்றால் டேவிட் பெலோவின் எஸ்விஜி கார்ட்ஸ் என்ற சீட்டுப் படத் தொகுப்பு எல்ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. அதன் நிபந்தனைகளைப் படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கோட்டுக்கோலம்

கட்டுப்பாட்டைப் பற்றி நான் மூலப்பொறியின் பக்கம். பகிர்வதைப் பற்றித் தொகுப்பானின் பக்கம். ஆனால் எந்த டிஎல்எல்லில் போட்டாலும் கீற்று கீற்றுதான். மூலை வளைவை வேண்டுமளவு உருட்டும் சுதந்திரம் கிடைத்ததும், மூலை எழுத்து உள்ளே தள்ளிப்போகும். தள்ளிப்போனால் கீற்றிலிருந்து கீழே நழுவும். ஆகவே வளைவு எட்டுப் புள்ளியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிக்சல்பித்தன்

கட்டு முடிந்துவிட்டது. முடிவில் இரண்டு வடிவங்களாகச் செய்திருக்கிறேன். ஒன்று 71×96இல், 16 வண்ணத்தில், மூலை மூன்று புள்ளியோடு, பழைய டிஎல்எல்லுக்கானது. மற்றது 142×192இல், தொகுப்பானின் டிஎல்எல்லுக்கானது. பகிரப்போவது படங்களை மட்டுமே.

வேடிக்கை என்னவென்றால், பெரியதை முதலில் வரைந்து சிறியதாகச் சுருக்கலாம் என்று நினைத்தேன். எட்டு முறை சுருக்கிப் பார்த்தும் ராணியின் வாய் ஒரு சாம்பல் கறையாகவே வந்தது. கடைசியில் சிறியதை முதலிலிருந்து புள்ளி புள்ளியாக வைத்து வரைந்தேன். பிறகு அதைப் பார்த்துப் பெரியதில் பன்னிரண்டு முகங்களையும் திருத்தினேன். சிறியதில் இடமில்லாமல் விட்ட கோடுகள் பெரியதிலும் தேவையில்லை என்று தெரிந்தது. ஆர்ட்டின் ஜாக்கிக்கு இப்போது ஒரு கண், நான்கு புள்ளி, இரண்டு பாதியிலும்.

இருவண்ணன் கேட்ட வடிவத்தையும் சேர்த்திருக்கிறேன். சிவப்புச் சீட்டுகளின் எழுத்து வெளிக்கோடாக மட்டும் இருக்கிறது. சிறிய அளவில் அந்த வெளிக்கோட்டுக்குள் வெள்ளை தெரிய இடமே இல்லாமல் போனது. ஆகவே அது பெரிய அளவில் மட்டுமே உண்டு. ஆடிப் பார்த்து 4, ஏஸ் இரண்டும் குழம்புகின்றனவா என்று சொன்னால் திருத்துவேன்.

ஆட்டத்தை வென்றதும் சீட்டுகள் துள்ளிக் குதித்து விழுந்து, தங்கள் தடத்தை அழிக்காமல் திரையை நிரப்புமே, அதை என் கட்டில் பார்த்தபோதுதான் பெரிய வடிவத்தில் ஒரு பிழையைக் கண்டேன். கிளாவர் ராஜாவின் இடது ஓரத்தில் ஒரு நெடுவரிசை மங்கலான சாம்பலாக இருந்திருக்கிறது. ஒற்றைச் சீட்டாகப் பார்த்தால் தெரியாது. நூறு ராஜாக்கள் வரிசையாக விழுந்தபோது திரையின் குறுக்கே அழுக்குப் பட்டையாகத் தெரிந்தது. திருத்திவிட்டேன்.

மூலப்பொறி விலக்கிவைக்கச் சொன்ன கோட்டையில் மட்டும் கைவைத்துவிட்டேன். சிறிய வடிவத்தில் வௌவால்கள் எந்த இடத்தில் ஒட்டப்படுகின்றன என்று அளந்து, அங்கே அவற்றின் பின்னணி நிறமே வரும்படி ஓர் இரவு வானத்தை வரைந்து, கீழே கோட்டைக்குப் பதிலாக ஒரு கலங்கரை விளக்கத்தை வைத்தேன். வௌவால்கள் இப்போது விளக்கைச் சுற்றிப் பறக்கின்றன, ஒட்டுத் தெரியவில்லை. ரோபோவின் இடத்தில் என்ன வரைவது என்று இன்னும் பிடிபடவில்லை. அசையும் துண்டு மிகச் சிறியது; மார்பில் மின்னும் அந்தப் பட்டையைத் தாங்கக்கூடிய வேறு உருவம் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

சும்மாபார்ப்பவன்

பழைய வானொலிப் பெட்டியின் அலைவரிசை முகப்பு பொருந்தும் என்று தோன்றுகிறது. பட்டை மின்னினால் நிலையம் தேடுவதுபோல இருக்கும்.

பிக்சல்பித்தன்

அகலம் பொருந்துகிறது, அளந்துவிட்டேன். இன்றிரவு வரையத் தொடங்குகிறேன்.